அடைமழைக் காலத்தில் கோழியும் வாத்தும்

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக் கிராமங்களில் ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டுக் கோழிகள் ஒன்றிரண்டாக மடிவது புதிதன்று. குளிர் தாங்காமல் இறந்தன என்று குடியானவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். இது பொருத்தமான காரணமன்று. தாமிரபரணியின் இக்கடைமடைப் பகுதியில் மார்கழி இரவுகளிலும் வெப்பம் சாதாரணமாக 20 பாகை செல்ஷியஸுக்குக் கீழ் இறங்குவதில்லை. பனி உறையும் தேசங்களிலும் வளர்ந்த கோழிகள் தம் இறகுகளின் துணையால் குளிர்காலத்தைக் கடந்துவிடுகின்றன. ஆகவே இங்குக் கோழிக்குப் பெரும் பகை குளிரன்று, ஈரமே என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

காரணம் தவறானால் பரிகாரமும் தவறாகிறது. குளிருக்கு அஞ்சிச் சிலர் கூட்டின் நான்கு புறமும் சாக்கைத் தொங்கவிட்டுக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுகின்றனர். பறவைகளின் மூச்சிலும் எச்சத்திலும் உள்ள ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி எழுகிறது. அதனால் சளியும் மூச்சிரைப்பும் உண்டாகின்றன. நனைந்த தரையில் இரத்தக்கழிச்சல் நோயின் நுண்கிருமிகள் ஓரிரு நாளிலேயே நோயுண்டாக்கும் பக்குவம் அடைந்து, முக்கியமாய் இளங்குஞ்சுகளைப் பற்றுகின்றன. உலர்ந்த தரையில் அவை அவ்வளவு எளிதில் பக்குவப்படுவதில்லை.

எனவே வாடை வீசும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் பனையோலைத் தட்டியால் மறைத்து, எதிர்ப்பக்கத்தின் மேற்பகுதியைத் திறந்து விடுவதே முறை. தரையில் மூன்று விரற்கடை கனத்திற்கு உமி பரப்பி, சிறிது நீறு சுண்ணாம்பு கலந்து, அடிக்கடி கிளறிவிடல் வேண்டும். நனைந்த உமியை அன்றே அகற்றுதல் நலம்.

கூடு தரையிலேயே இருத்தலும் ஆபத்தானது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், செந்தூர் ரயில் பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கி நின்றதையும் ஊரார் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாறு இரவில் ஏறும் வெள்ளத்தில், பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த கோழிக்குத் தப்ப வழியேது? பனங்கட்டைகளை நட்டு இரண்டு மூன்று அடி உயரத்தில் பரண் போன்ற கூடு அமைத்தால் சாதாரண மழை நீர் அணுகாது. எச்சமும் கீழே விழுந்துவிடும். பெருவெள்ள எச்சரிக்கை வந்தால் பறவைகளை மாடிக்கோ மேட்டுக்கோ முன்னரே கொண்டுசெல்லுதல் அவசியம். நாலைந்து கோழிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். பனையும் ஓலையும் மலிந்த இந்நாட்டில் இதற்காகும் செலவு சொற்பம். முட்டை விற்ற காசோ பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கும் பிள்ளைகளின் தேவைக்கும் ஆவது. ஒரு மழையில் அது போய்விட்டால் மீண்டும் குஞ்சு பொரித்து முட்டை காண அரை வருஷம் செல்லும்.

வாத்தின் இயல்பு வேறு. பிசான வயலில் நாள் முழுதும் நனைந்தாலும் அதற்குக் கேடில்லை. ஆனால் அதைக் கோழியோடு ஒரே கூட்டில் அடைத்தால், அது குடிநீரைச் சிந்திச் சேறாக்கிக் கோழிக்கும் கேடு செய்யும். இரண்டையும் தனித்தனியே அடைத்தலே தக்கது. வாத்தும் இரவில் உலர்ந்த வைக்கோலில் தங்கல் வேண்டும். கோழி அடைகாத்து 28 நாளில் பொரித்த வாத்துக் குஞ்சுகளுக்குத் தாய் வாத்தின் இறகிலுள்ள எண்ணெய்ப் பசை கிட்டாது; ஆதலால் இறகு முளைக்குமுன் அவற்றை நீரில் விட்டால் நனைந்து விறைத்து இறக்கும். குளிர் உண்மையில் கொல்வது இக்குஞ்சுகளையும், முதல் வாரத்தில் சுமார் 35 பாகை வெப்பம் வேண்டும் கோழிக்குஞ்சுகளையுமே.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை வாத்துக்கு இடுதல் கூடவே கூடாது. 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்ததற்குக் காரணம் இத்தகைய பிண்ணாக்கிலிருந்த நஞ்சே. வாத்துக் குஞ்சுகளும் அந்நஞ்சுக்கு மிக எளிதில் இரையாகின்றன.

இனி வெள்ளைக்கழிச்சல். இதற்குத் தடுப்பூசி இருந்தும் கோழிகள் மடிவது வருந்தத்தக்கது. கால்நடைப் பராமரிப்புத் துறையார் பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இருவார முகாம் மிகப் பயனுள்ளதே. ஆயினும் அதற்குப் பின் ஆடியிலும் ஆவணியிலும் பொரித்த குஞ்சுகள் அம்முகாமில் சேர்வதில்லை. பாதுகாப்பின்றியே அடைமழையைச் சந்திக்கின்றன. ஆகவே புரட்டாசியிலும் ஒரு முறை கிராமந்தோறும் தடுப்பூசி இடுதல் நியாயமானது. அது ஏற்படும் வரையில், குடியானவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை நாடி, குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும் எட்டாம் வாரத்தில் ஊசியும் இடுவித்துக்கொள்ளல் வேண்டும்.

கார்த்திகையில் கோழி தூங்கி விழும்போது செய்யும் வைத்தியம் பெரும்பாலும் பலிப்பதில்லை. வானம் தெளிந்திருக்கும் புரட்டாசியிலேயே கூட்டை உயர்த்தி, கூரையை வேய்ந்து, உமியைச் சேர்த்து, ஊசியும் இடுவித்துக்கொள்பவரே தை மாதத்தில் முட்டைக் கூடையை நிறைவாகக் காண்பர். குடியானவர்கள் இதனைக் கவனித்து ஆவன செய்வார்களாக.