கடைக்கு வரும் குட்டி வாடிக்கையாளர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம் தாய், கூடவே நாலு வயசுப் பெண். அம்மா விலை பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பொழுது போக வேண்டாமா? மெல்லக் கூடைக்குள் கையை விட்டது.

“ஐயையோ பாப்பா, கெளுத்தி!” என்று மீன்காரம்மா சட்டென்று அதன் கையைப் பற்றினார்.

அவர் பதறியதில் நியாயம் உண்டு. கெளுத்தி மீனுக்கு முதுகில் ஒன்று, பக்கத் துடுப்புகளில் இரண்டு என்று மூன்று விஷ முட்கள். குத்தினால் வலி உயிர் போகும். பெரியவர் முதலில் தம் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு, பொறுக்கக்கூடிய வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை அரைமணி நேரமாவது அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். முள் உடைந்து உள்ளே தங்கியிருக்கலாம். டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். ஆகவே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன்காரம்மா அதட்டவும் இல்லை. அரிவாள்மனைக்கு எட்டாத தூரத்தில் ஒரு டப்பாவைக் கவிழ்த்து உட்கார வைத்தார். பலகையில் நாலு சங்கரா மீனைப் பரப்பினார்.

“எதுக்குக் கண்ணு பளபளன்னு இருக்கு? பாத்துச் சொல்லு பாப்பா.”

குழந்தை குனிந்து குனிந்து பார்த்தது. “இது மட்டும் மங்கலா இருக்கு!” என்றது. அவர் சிரித்துக்கொண்டே அந்த மீனை ஒதுக்கி வைத்தார். ஒரு மீன் விற்கவில்லைதான். ஆனால் அந்தத் தாய் இனி வேறு கடைக்குப் போவாளா, சொல்லுங்கள்! கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் குழி விழாமல் இருப்பதே புது மீன். அன்றைக்குத் தாயும் ஒரு பாடம் கற்றுக்கொண்டாள்.

குப்பத்துக்குப் பக்கத்தில்தான் அடையாறு பிரம்மஞான சபை. 1939-ல் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் அங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். விளையாட்டுச் சாமானைவிட, பெரியவர்கள் செய்கிற நிஜ வேலையில்தான் குழந்தைக்கு நாட்டம் என்பது அவர் கண்டறிந்த உண்மை. மீன்காரம்மா செய்ததும் அதுதானே?

வீட்டிலேயே தையல் கடை, அழகு நிலையம் நடத்தும் சகோதரிகளே, நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள்:

முதலில் கத்திரிக்கோல், குண்டூசி, இஸ்திரிப் பெட்டி, சூடான மெழுகு இவற்றைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

தாயின் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு சின்ன முக்காலி போடுங்கள்.

கையில் செல்போனைக் கொடுப்பதற்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். வெட்டிய துணித் துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்கச் சொன்னால் போதும். மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தையிடம் பொத்தான், மணி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

தின்பண்டம் தருவதானால் தாயைக் கேட்டுவிட்டுத் தாருங்கள்.

மீன் கடையிலிருந்து திரும்பியதும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

புறப்படும்போது அந்தச் சுட்டிப் பெண் கேட்டதே ஒரு கேள்வி: “நாளைக்கும் நான்தானே கண்ணு பாக்கணும்?”

உங்கள் கடைக்கு வரும் குட்டிகளுக்கு நீங்கள் என்ன வேலை கொடுக்கிறீர்கள்? எழுதுங்களேன்!