“திரும்ப எப்ப போற?”

தென்காசிப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். துபாயில் வேலை பார்ப்பவரிடம் கேட்டால் தப்பில்லை. லீவு முடிந்தால் அவர் போகத்தானே வேண்டும்? ஆனால் வெளிநாட்டில் முதுகலை முடித்துவிட்டு இங்கே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவியிடமும் இதையேதான் கேட்கிறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையான படிப்பு அங்கேதான். இங்கே ஆராய்ச்சியில் சேர்வது அடுத்த விசா வரும்வரை பொழுதை ஓட்டும் வேலை. இந்த நம்பிக்கை பொய். பிள்ளைகளின் நல்ல வயதைத் தின்கிற பொய்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் எடின்பரோவில் தாவரவியல் முதுகலை முடித்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே இலஞ்சிக்குத் திரும்பி, பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தார். கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை முதல் ஆண்டு முழுக்கப் பிரிக்கவே இல்லை. குளிருக்கு வாங்கிய தடித்த கோட் அதற்குள் கிடந்தது. ஆடிச் சாரலில் அதில் பூசணம் பூத்துவிட்டது. வெயில் தலைகாட்டிய ஒரு நாளில் அவருடைய அம்மா அதை எடுத்துக் கொடியில் போட்டு உதறியபோது, அந்தப் பெண் அழுதுவிட்டார். அன்று மாலையே ஓர் உறவினர் வந்து, “ஏம்மா, விசா ஏதும் போட்டிருக்கியா?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். “சொந்த மண்ணில் மனசு ஒட்டாதவள்” என்று பழிக்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் எதற்கு ஏங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நள்ளிரவு வரை திறந்திருந்த நூலகம். “எனக்குத் தெரியவில்லை, நீயே பார்த்துச் சொல்” என்று மாணவியிடம் சொல்லத் தயங்காத பேராசிரியர். இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்ப முடிந்த தெரு. இங்கே நூலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டுகிறார்கள். வழிகாட்டி உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்க வேண்டும். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஆராய்ச்சி மாணவர் தலையில் விழும் துறைகள் உண்டு. இதில் எது இந்த மண்ணின் தலைவிதி? எல்லாமே மனிதர்கள் வைத்த வழக்கம், மனிதர்களால் மாற்ற முடிந்த வழக்கம். ஊரோ இதைக் கேட்டுவிட்டு, “அதான் சொன்னோமே, இங்க இருந்து என்ன ஆகப்போகுது?” என்கிறது. நிர்வாகத்தின் குறைக்கு ஊர் மண் பழி சுமக்கிறது.

இங்கே ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ராபர்ட் வைட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1830களில் பாளையங்கோட்டையில் வேலை பார்த்தபோது குற்றால மலையில் ஏறி ஏறிச் செடிகளைச் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்களை வைத்து அவற்றை வரையச் செய்தார். 1838 தொடங்கி 1853 வரை வெளிவந்த அவருடைய ‘ஐக்கோனெஸ்’ ஓவியத் தொகுதிகளில் குற்றாலத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் உலர்த்தி எடுத்துப்போன செடிகள் இன்று எடின்பரோவிலும் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலும் இருக்கின்றன. உலகத் தாவரவியலுக்கு நம் சாரல் மலை புதிய ஊர் அல்ல. குற்றாலத்தின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய நாவல் இன மரம் ஒன்றுகூட உண்டு.

அந்தப் பெண் எடின்பரோவில் படித்தபோது இந்தச் செடிகளை ஒட்டிய தாள்களில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். பழுப்பேறிய தாள், மூலையில் மையால் ‘கோர்ட்டாலம்’ என்று எழுதிய சீட்டு. ஆனால் அந்தத் தாள் எவ்வளவு சொல்லும்? பூவின் நிறம் போய்விட்டது, வாசம் போய்விட்டது. எந்தப் பூச்சி வந்து உட்காரும், பூ எத்தனை மணிக்கு விரியும், அந்த மரம் இன்னும் நிற்கிறதா, செண்பகாதேவி அருவிக்குப் போகும் வழியில் எத்தனை கன்று முளைத்திருக்கிறது, இதற்கெல்லாம் விடை மலையில்தான் இருக்கிறது. அதுவும் மழையில் நனைந்துகொண்டு ஏறுகிறவருக்குத்தான் கிடைக்கும்.

சாரல் காலத்தில் ஒரு செடியை உலர்த்துவது என்ன பாடு என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பறித்த கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, ஓர் இலையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, பலகைகளுக்கு நடுவில் அழுத்திக் கட்டுகிறார்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும். மறுநாளே தாளை மாற்ற வேண்டும், அதற்கு மறுநாளும் மாற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டால் பூசணம் பிடித்து இலை கறுத்து உதிரும். இரண்டாம் ஆண்டு சாரலில் அந்தப் பெண் இரவு பதினொரு மணிக்குக் குண்டு பல்பு வெளிச்சத்தில் தாள் மாற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் பெட்டியும் காலியாகியிருந்தது. செடிக்கட்டுகளை வைக்க வேறு பெட்டி இல்லை. ஏக்கம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

“செடி கொடிக்குச் சரி, பெரிய அறிவியலுக்கு?” என்பார்கள். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் வெளிநாட்டுப் பட்டம் எதுவும் இல்லாமல்தான் 1928இல் சி.வி. ராமனோடு ராமன் விளைவைக் கண்டறிந்த வேலையில் இருந்தார். ஜி.என். ராமச்சந்திரன் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கி 1949இல் திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் துறைக்குத் தலைவரானார். நம் தோலுக்கும் எலும்புக்கும் வலுத்தரும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று அங்கிருந்துதான் அவரும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் போட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இல்லாமல் இன்றைக்கும் உலகில் ஒரு புரத அமைப்பைச் சரிபார்ப்பது அரிது. திரும்பி வந்த ஓர் ஆளும், அவரை நம்பி அந்தப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் உட்கார்ந்த மாணவர்களும் செய்த வேலை அது. அந்த மாணவர்கள் கிண்டியைக் கப்பலுக்குக் காத்திருக்கும் துறைமுகமாக நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இந்தப் பேச்சு வந்தாலே தென்காசியில் மத்தளம்பாறை வந்துவிடும். பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்ரீதர் வேம்பு அங்கே வந்து தங்கி ஜோஹோவை நடத்தினார் என்பது ஊருக்கே பெருமை. ஆனால் ஆராய்ச்சி மாணவருக்கு அவரை உதாரணம் காட்டுவது நியாயமில்லை. அவர் நிறுவனத்தை வளர்த்தபின் வந்தவர். மாணவர் வெறுங்கையோடு வருகிறார். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காத பலர் உதவித்தொகை ஒன்றுமே இல்லாமல் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓட்ட வேண்டும். காலையில் டியூஷன், மத்தியானம் ஆய்வகம், மாதக் கடைசியில் அப்பாவிடம் பெட்ரோலுக்குக் கை நீட்டுவது. இருபத்தெட்டு வயதில் இது எவ்வளவு கூசவைக்கும் என்பது பட்டவருக்குத்தான் தெரியும்.

என் கோபம் இங்கேதான். ‘இங்கே படிப்பது தற்காலிகம்’ என்ற நம்பிக்கையால் லாபம் அடைவது யார்? உதவித்தொகையை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறவர்கள். வழிகாட்டியைக் கேள்வி கேட்காத நிர்வாகம். பஸ் ஸ்டாண்டில் கூரை ஒழுகினால் யார் நின்று சண்டை போடுகிறார்கள்? பஸ் வந்தால் ஏறிவிடப் போகிறோம் என்று பொறுத்துக்கொள்கிறோம். அதே பொறுமையை நம் பிள்ளைகளுக்கு நாம் பழக்கியிருக்கிறோம். போகப்போகிறவர் சண்டை போடமாட்டார், அதனால் எதுவும் மாறாது. மாறாததைக் காட்டி அடுத்த பிள்ளையையும் கிளப்பிவிடுகிறோம்.

கிளம்பும் வழியும் நம் கையில் இல்லை. 2024 தொடக்கத்தில் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தது. ஒட்டாவாவிலும் வாஷிங்டனிலும் எடுக்கும் முடிவுக்காக இலஞ்சியில் ஒரு பெண் தன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை எழுதாமல் வைத்திருக்க வேண்டுமா?

அவர் எடின்பரோவுக்குப் போகட்டும். வைட்டின் தாள்களை நேரில் பார்க்க அவருக்கு வேலை இருக்கிறது. தன் மலையைப் பற்றிய கேள்விகளோடு இரண்டு மாதம் போய்வர, பயணச் செலவைக் கல்லூரி தரட்டும். இந்த வட்டாரக் கல்லூரிகளின் நிர்வாகக் குழுவிலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருப்பவர்கள் நம் ஊர்ப் பெரியவர்கள்தான். கட்டடத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் பணம் திரட்டத் தெரிந்தவர்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் மூன்று தீர்மானம் போடலாம்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு பயண நிதி, உதவித்தொகை வந்து சேரும்வரை வட்டியில்லா முன்பணம், இரவு ஒன்பது மணி வரை நூலகம். ஒன்பது மணிக்குமேல் இலஞ்சிக்கும் தென்காசிக்கும் பெண்களைக் கொண்டுபோய் விட ஒரு வேன்.