யாரோ போட்ட ஏசிக்கு நான் ஏன் காசு கட்டணும்?

மக்களே, காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையமோ ரங்கசாமி குளமோ, வாடகைக்கு வீடு தேடினவங்களுக்கு இந்த டயலாக் பழக்கம்தான்: "போனவரு கரண்ட் பில் கட்டல. நீங்க கட்டிடுங்க தம்பி, இல்லேன்னா ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்க."

ஏன் சார்? இணைப்பு உங்க பேர்ல. போனவரோட அட்வான்ஸும் உங்க கையிலதான் இருந்துச்சு. பில்லைப் பாக்காம திருப்பிக் கொடுத்தது யாரு?

ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. நடுவுல குடிவந்தா அவர் ஓட்டினது 400 யூனிட், நாம ஓட்டினது 150. மொத்தம் 500-ஐத் தாண்டிடும். இலவச 100 யூனிட்டை அவர் அனுபவிச்சாச்சு, நமக்கு மேல் ஸ்லாப்!

விதியில இடமிருந்தா பழைய பாக்கியைப் புதுசா வந்தவங்ககிட்ட கேட்கலாம்னு 2023 மே மாசம் கே.சி.நைனான் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது உண்மைதான். ஆனா அது ஏலத்துல சொத்து வாங்கினவங்க விவகாரம். வாடகைக்காரன் தலையில கட்ட ஓனருக்குக் கொடுத்த லைசென்ஸ் இல்லை. தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம், காலி பண்றவரோட பாக்கியை அவர் அட்வான்ஸ்லயே கழிச்சுக்கச் சொல்லுது.

சாவி வாங்குற அன்னிக்கே மீட்டரைப் போட்டோ எடுங்க, ரீடிங்கை ஒப்பந்தத்துல எழுதுங்க. "சின்ன அமவுண்ட்தானே"ன்னா, அந்தச் சின்ன அமவுண்ட்டை ஓனரே கட்டட்டுமே!