இனிய ஓசைக்கு யாருடைய தோல் விலை?

இசைக்கருவிக் கடையில் தொங்கும் ஒரு நல்ல கிடாரைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். கரும்பழுப்பு நிறம், நடுவே ஓடும் வரிகள், கண்ணாடி போல மினுக்கும் வார்னிஷ்... "ரோஸ்வுட்ங்க, சவுண்டு பிரமாதமா இருக்கும்" என்பார் கடைக்காரர். மரத்தின் பெயரைச் சொன்னதும் விலையும் ஏறிவிடும். ஆனால் அந்த மரத்தை அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவரின் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிரச்சினை வழக்கமாக இப்படித்தான் ஆரம்பிக்கும். கிடார் செய்பவர் ஒருவர் கோகோபோலோ என்ற மத்திய அமெரிக்க மரத்தில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சும் கறுப்பும் கலந்த அழகான மரம். முதல் கிடார் முடிகிறது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவது முடிகிறது, அப்போதும் ஒன்றும் இல்லை. நான்காவது கிடாரைத் தேய்த்து இரண்டு நாள் கழித்து முழங்கையின் உட்புறம் அரிக்கிறது. கண் இமை வீங்குகிறது. சட்டைக் காலர் உரசும் இடம் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருகின்றன. வேலையை நிறுத்தினால் சில வாரங்களில் ஆறிவிடுகிறது. மறுபடி பட்டறைக்குள் போகிறார். இந்த முறை அவர் மரத்தைத் தொடவே இல்லை. பக்கத்து மேசையில் வேறொருவர் தேய்த்த தூள் காற்றில் வந்ததே போதும், முகம் வீங்கிவிடுகிறது!

இயற்கையான மரம் எப்படித் தோலைப் புண்ணாக்கும் என்று சந்தேகம் வரலாம். சேங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். இயற்கை என்பதால் ஒரு பொருள் சாதுவாகிவிடாது. வைரம் பாய்ந்த கட்டையைக் கரையான் அரிக்காது என்று சொல்கிறோமே, அதற்குக் காரணம் மரம் தன் நடுக்கட்டையில் சேர்த்துவைக்கும் வேதிப்பொருட்கள்தான். பூஞ்சையையும் பூச்சியையும் விரட்ட மரம் வைத்திருக்கும் ஆயுதம் அது. நிறத்தையும் மணத்தையும் தருவதும் பெரும்பாலும் இதே பொருட்கள்தான். அதாவது, எந்தக் குணத்துக்காக இந்த மரங்களைத் தேடிப் போகிறார்களோ அந்தக் குணத்தோடு சேர்ந்தே ஆபத்தும் வருகிறது.

பிரேசில் ரோஸ்வுட், தென்னிந்திய ஈட்டி மரம், கோகோபோலோ, கிளாரினெட்டும் ஓபோவும் செய்ய உதவும் ஆப்பிரிக்கக் கருமரம், எல்லாமே டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றில் குவினோன் வகை வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவற்றுக்கு டால்பெர்ஜியோன் என்றே பெயர். இந்தச் சிறிய மூலக்கூறு தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் காவல் செல்கள் அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே பொருள் வந்தால் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் போர் தொடங்கிவிடும். இந்த ஞாபகம் பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. ஒரு மரத்துக்குப் பழகிய காவல் செல்கள், அதன் உறவுக்கார மரங்களைக் கண்டாலும் சண்டைக்கு வரலாம்.

வாசிப்பவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். தூள் கிடையாது, மேலே வார்னிஷ் பூச்சும் இருக்கிறது. வயலினின் தாடைப்பலகை, உதட்டில் வைத்து ஊதும் மரக் குழல் போன்றவற்றால் சிலருக்குத் தோல் அழற்சி வந்ததுண்டு. ஆனால் பெரிய அடி வாங்குபவர் கருவியைச் செய்பவர்தான்.

இந்த நிலையில் பட்டறைகளில் கேட்கும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "உன் உடம்புக்கு இந்த மரம் ஒத்துக்கல". கேட்க அனுதாபம் போல இருந்தாலும் இது ஒரு தீர்ப்பு. குற்றம் உடம்பின் மேல் போய்விடுகிறது. மரத்தை விற்றவர் மேலும் இல்லை, தூளை உறிஞ்சும் இயந்திரம் வைக்காத முதலாளி மேலும் இல்லை. வருடக்கணக்கில் கற்ற தொழிலை ஒருவர் விட்டுப்போகிறார், அது அவருடைய ராசி என்று மற்றவர்கள் வேலையைத் தொடர்கிறார்கள்.

"முப்பது வருஷமா இதே மரத்துல வேலை செய்யறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒத்துக்கொள்ளாதவர்கள் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்! பட்டறையில் மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். தவிர, பல வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒவ்வாமை வருவதும் உண்டு.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஜெர்மானிய ஆய்வாளர் பியோர்ன் ஹவுசன் உடல்நலத்தைக் கெடுக்கும் மரங்களைப் பற்றி 1981-லேயே ஒரு கையேடு வெளியிட்டுவிட்டார். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வரும் புற்றுநோய் அது. அரிப்பு சிலருக்குத்தான் வரலாம், ஆனால் தூள் எல்லாருடைய மூக்குக்குள்ளும் போகிறது. அப்புறம் எப்படி இது தனிமனிதரின் உடம்புக் கோளாறு ஆகும்?

மரத்தைத் தேர்ந்தெடுக்கும் வரலாற்றைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும், 1969-ல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது ஈட்டி மரத்துக்கு மாறியது. 1992-ல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் பிரேசில் ரோஸ்வுட் வணிகத்தை ஏறக்குறைய முடக்கியது. 2017 ஜனவரியில் டால்பெர்ஜியா பேரினம் முழுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. உடனே ஃபென்டர் நிறுவனம் மெக்சிகோவில் செய்யும் கிடார்களின் விரல்பலகைக்கு பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்தைக் கொண்டுவந்தது. பாவ் ஃபெரோ டால்பெர்ஜியா இல்லை, அதனால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன மரம் அது. அதில் இருப்பதும் அதே டால்பெர்ஜியோன் வகைப் பொருள்தான்! 2019-ல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கிடைத்தது.

காட்டைக் காக்கச் சட்டம் வந்தது நல்லதுதான். வாசிப்பவருக்கும் வியாபாரிக்கும் சிரமம் என்றதும் சட்டம் வளைந்தும் கொடுத்தது. இழைப்புளி பிடிக்கும் கைக்காக மரத்தின் பட்டியல் மாறியதாக மட்டும் எங்கும் தெரியவில்லை.

சரி, இந்த மரங்கள் இல்லாவிட்டால் ஓசை கெட்டுவிடுமா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. முதுகுப்பலகையிலும் பக்கப்பலகையிலும் மட்டும் மரம் மாறும்படி ஆறு கிடார்கள் செய்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டும் உண்டு, மேப்பிள், வால்நட் போன்ற சாதாரண மரங்களும் உண்டு. 52 கிடார் கலைஞர்கள் அவற்றை மங்கிய வெளிச்சத்தில், கண்ணை மறைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். எல்லாக் கிடாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மதிப்பெண்தான் கிடைத்தது. மரம் தெரியாதபோது மரத்தின் மகிமையும் தெரியவில்லை!

இதற்காக எல்லா அயல்நாட்டு மரங்களையும் தடை செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. செய்ய வேண்டியவை எளிமையானவை. பெயின்ட் டப்பாவில் எச்சரிக்கை அச்சிடுவது போல, இந்த மரங்களை விற்பவர் "தோல் ஒவ்வாமை உண்டாக்கும்" என்று தெளிவாக எழுதித் தர வேண்டும். தூள் கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடினமரத் தூளுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்ற வரம்பு 2023 முதல் இருக்கிறது. பொருத்தமான முகக்கவசமும், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றும் வசதியும் வேண்டும். "கொஞ்சம் தூளைக் கையில் தேய்த்துப் பார்" என்று சோதிக்கும் பழக்கம் போக வேண்டும், அந்தச் சோதனையே ஒவ்வாமையைத் தொடங்கி வைத்துவிடலாம். அரிப்பு வந்தவர் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளிநாட்டுக் கிடார்களின் முதுகில் இருக்கும் ஈட்டி மரம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மரம். அதை இங்கே மர அறுவை மில்லில் அறுப்பவரும் அதே டால்பெர்ஜியோனைத்தான் சுவாசிக்கிறார். அவருக்கு உறிஞ்சு இயந்திரமும் முகக்கவசமும் கிடைக்கின்றனவா என்பதும் இதே கேள்விதான்.

அடுத்த முறை கிடார் வாங்கப் போகிறவர்கள் "இது என்ன மரம்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்தத் தூளில் வேலை செய்தவருக்கு என்ன பாதுகாப்பு?" என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். கடைக்காரர் விழிக்கலாம். ஆனால் பத்துப் பேர் கேட்டால் பதில் தயாராகும்.