எலுமிச்சம்பழமும் ஸ்டெப்னியும்

மார்கழிக் குளிரில் காரில் பெங்களூருக்கோ ஊட்டிக்கோ கிளம்புகிறீர்களா? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சரி, நாலு டயரிலும் காற்று பார்த்தீர்களா? டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னியில்?

வாலாஜாபேட்டை டோல்கேட்டைத் தாண்டியதும் நம்மாள் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மிதியைப் பார்க்க வேண்டும். 'ரோடு சூப்பர் சார்!' ரோடு சூப்பர்தான். டயர்? அதன் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்தது. 'பட்டன் அப்படியே இருக்கே' என்று வாதாடாதீர்கள். ரப்பருக்கும் வயசாகும்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். கூலன்ட் என்பது ஊட்டிக் குளிரில் உறையாமலும் வேலூர் வெயிலில் சீக்கிரம் கொதிக்காமலும் இருக்கத்தான். குளிரில் பேட்டரிக்கும் தெம்பு குறையும். பழசென்றால் கிளம்புமுன் சோதித்துவிடுங்கள்.

விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோபீம் போதும். நாலு இண்டிகேட்டரையும் சிமிட்டிக்கொண்டே ஓட்டினால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஏதாவது ஆனால் 'விதி' என்போம். விதியை விடுங்க சார். பின்சீட்டில் தூங்குகிற குழந்தை எலுமிச்சம்பழத்தை நம்பி ஏறவில்லை. உங்களை நம்பித்தான் ஏறியிருக்கிறது.