மருந்து என்றார்கள், நஞ்சைச் சுமந்தோம்

கெடாவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'மருந்து அடிக்கிற வேலை' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் நம் தாய்மார்கள். விடியற்காலையில் முதுகில் பம்பைச் சுமந்து செம்பனைக்கும் ரப்பருக்கும் இடையே நடந்தார்கள். புல் செத்தது. அவர்களுக்கு என்ன ஆனது?

அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். கிரமொக்சோன் என்ற பெயரில் 1962 முதல் விற்கப்பட்ட களைக்கொல்லி. ஒரு மிடறு உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. முறிவு மருந்து கிடையாது.

2002-இல் தெனாகானித்தாவும் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயல் வலையமைப்பும் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களைச் சந்தித்து ஓர் ஆய்வை வெளியிட்டன. மூக்கில் இரத்தம், கண்ணெரிச்சல், தோல் புண், நிறம் மாறிய நகம் என்று அந்தப் பெண்கள் சொன்னவை எல்லாம் அதில் பதிவாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது.

நாம் மகிழ்ந்தோம். ஆனால் தயாரிப்பாளரும் தோட்டத் தொழில்துறையும் சும்மா இருக்கவில்லை. "முறைப்படி பயன்படுத்தினால் பாதுகாப்பானது, இன்னும் ஆய்வு தேவை" என்றார்கள். 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. விரிவான ஆய்வு நடக்கட்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. 2002-இல் பிறந்த பிள்ளை அதற்குள் எஸ்.பி.எம். எழுதும் வயதைத் தொட்டுவிட்டது. நம் பெண்களோ அதுவரை பம்பைச் சுமந்தார்கள்.

ஆய்வு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆய்வு முடியும்வரை விற்பனையை நிறுத்து என்கிறோம். அவர்கள் சொன்னதோ, ஆய்வு முடியும்வரை விற்போம் என்பது. சந்தேகத்தின் பலன் யாருக்குப் போனது என்று பாருங்கள்: மனிதருக்கு அல்ல, நஞ்சுக்கு!

'முறைப்படி' என்றால் என்ன? கொதிக்கும் வெயிலில் முகமூடி, கையுறை, ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் அணிந்து மணிக்கணக்கில் மலைச்சரிவு ஏறுவது. அப்படிச் செய்யச் சொல்பவர் ஒருநாள் செய்து காட்டட்டும்.

நிறுவனத்துக்கு உள்ளே என்ன நடந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது. பாராகுவாட்டைத் தவறிக் குடித்தால் வாந்தி வரவைக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம் என்று விளம்பரப்படுத்தி வந்தார்கள். சேர்த்த அளவு போதாது, அதற்கு ஆதாரமாகக் காட்டிய 1976-ஆம் ஆண்டுக் கணக்கே தவறானது என்று ஐ.சி.ஐ. நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானி ஜான் ஹெய்லிங்ஸ் 1990-இல் மேலிடத்துக்கு எழுதினார். உலகம் அதை அறிந்தது 2021-இல். ஐ.சி.ஐ.யின் வாரிசான சின்ஜெந்தா இந்தக் குற்றச்சாட்டை மறுக்கிறது.

சுவிட்சர்லாந்து, சின்ஜெந்தாவின் தாய்நாடு, 1989-லேயே பாராகுவாட்டைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் அனுமதி ரத்தானது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வயலுக்கு ஆகாதது நம் தோட்டத்துக்கு ஆகுமா?

பாராகுவாட் போய்விட்டது. மற்ற மருந்துகள் இருக்கின்றன. அடுத்த முறையும் "ஆய்வு தேவை" என்பார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பது யார், முடிவு வரும்வரை ஆபத்தைச் சுமப்பது யார் என்று கேளுங்கள்.

வீட்டில் மருந்தடித்த அம்மாவோ பாட்டியோ இருந்தால் உட்கார்ந்து விசாரியுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன மருந்து, உடம்புக்கு என்ன வந்தது என்று எழுதி வையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். இன்றும் மருந்தடிப்பவர்கள் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையால் வந்த நோய்க்கு சொக்சோவில் உரிமை கோரலாம். அதற்குச் சான்று வேண்டும்.

2002-இல் தடையைக் கொண்டுவர உதவியது வாய் திறந்து பேசிய தோட்டத்துப் பெண்களின் சாட்சியம். நம் சாட்சியத்தை நாம் எழுதாவிட்டால், நம் உடம்பைப் பற்றிய அறிவியலை நஞ்சு விற்பவன் எழுதுவான்.