இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்



2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியபின், மாட்டுக் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது பழைய மோட்டார் சைக்கிளைக் கண்டெடுத்தவர்கள் நம்மிடையே உண்டு. 1990இல் வடக்கிற்குப் பெற்றோல் தடைப்பட்டபின், மண்ணெண்ணெயில் ஓடி ஓய்ந்து மூலையில் சாத்தப்பட்ட வண்டிகள் அவை. “துருப்பிடித்தது தானே அக்கா, கிலோ கணக்கில் தாருங்கள்” என்று பழைய இரும்பு வாங்குபவர் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள்.

முதலில் பெயரைப் பாருங்கள். மூன்று துப்பாக்கிகள் சாத்திய சின்னம் இருந்தால் அது இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. வண்டி. அந்த நிறுவனத்தின் ‘பன்டம்’ 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டது. ஹொண்டா 50 ஆகவும் இருக்கலாம். இத்தகைய வண்டிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஓடாத வண்டியையும் வாங்குவார்கள். அவர்கள் பார்ப்பது பழைய பாகங்கள் மாறாமல் இருக்கின்றனவா என்பதையே.

ஆகவே புதுப் பெயின்ற் அடிக்க வேண்டாம். விளக்கு, இருக்கை, இலக்கத் தகடு எதையும் தனியே விற்க வேண்டாம். இறுகிய எஞ்சினை உதைத்து இயக்கவும் வேண்டாம், உள்ளே உடையலாம். எஞ்சின் இலக்கத்தையும் சட்டத்தின் கழுத்திலுள்ள இலக்கத்தையும் குறித்து, பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்குக் காட்டி, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

அடுத்தது பத்திரம். கணவர் பெயரிலுள்ள வண்டியை நீங்கள் கையொப்பமிட்டு மட்டும் விற்க முடியாது. நிரப்பாத படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழுடன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவச ஆலோசனை கிடைக்கும்.

கணவர் காணாமற் போனவரா? வண்டியை விற்பதற்காக மரணச் சான்றிதழ் எடுக்கும்படி யாரும் உங்களை நெருக்க இடம் கொடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற வழி செய்தது. அதைக் கொண்டு விற்கலாமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்த பின்னரே முற்பணம் வாங்குங்கள்.

அவர் ஓட்டிய வண்டியை விற்பது அவரை மறப்பதாகாது. விற்க மனம் வராவிட்டால், ஓலையால் மூடி வைத்திருப்பதிலும் தவறில்லை. மைத்துனர் அவசரப்படுத்தினாலும் பிள்ளைகளுடன் இருந்து பேசி முடிவெடுங்கள். விற்றால், வந்த பணத்தை உங்கள் பெயரில் வங்கியில் இடுங்கள்.